பேனா எழுதிப் பார்த்த காகிதம்

கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்காதவர்கள் நம் வயதில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எனக்கு வலிக்கிறது. முப்பத்தைந்து வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊசி போட்டும் கேஸ் ஷீட் எழுதியும் தேய்ந்த கை. ஓய்வு பெற்றபின் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. போன ஐப்பசியில் எலும்பு டாக்டரிடம் போனபோது, அவர் என்னை ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொல்லிவிட்டுத் தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தார்.

"பின்பக்கம் மேடு தட்டுது பாருங்க சிஸ்டர். இப்படி அழுத்துனா விரல் என்னத்துக்கு ஆவும்? மை பேனாவுக்கு மாறுங்க. அது தானா ஓடும்."

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒன்று வாங்கினேன். விலை, ஓட்டலில் ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகிற அளவுதான். நம்மைப் போன்றவர்கள் தினமும் எழுத அது போதும் என்றுதான் சொல்வேன். பி.பி. குறிக்கிற நோட்டு, மாத்திரைப் பட்டியல், பேங்க் படிவம், கரண்ட் ஆபீசுக்கு மனு எல்லாவற்றையும் மூன்று மாதமாக அதில்தான் எழுதுகிறேன். காலண்டர் தாளின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. கூரியர்காரர் நீட்டும் பளபளப்புத் தாளில் மட்டும் காயவே காயாது. அவர் விரலில் என் கையெழுத்து ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டு நாள் எழுதாமல் வைத்தால் நிப்பு உலர்ந்துவிடுகிறது, ஈரத்துணியில் ஒற்றினால் போதும். விரல் வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

ஆனால் அதை வாங்கிய அன்று கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கடைக்காரப் பெண் பேனாவில் மை போட்டு, எழுதிப் பார்க்கிற தாள்கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினாள். எனக்கு முன்னால் வாங்கியவர்கள் எழுதிப் பார்த்தது முழுக்க அதில் இருந்தது. கையெழுத்துகள், பெயர்கள், ஒரு பிள்ளையார் சுழி. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை எண்களை எழுதினேன்.

"பேர எழுதிப் பாருங்கம்மா. அப்பதான் எப்படி எழுதுதுன்னு தெரியும்."

"இதுவே போதும்மா" என்றேன்.

புதுப் பேனாவில் நான் பெயர் எழுதிப் பார்ப்பதில்லை. என் பெயரையும் எழுதுவதில்லை, அடுத்தவர் பெயரையும் எழுதுவதில்லை. ஐம்பது வருஷமாக அப்படித்தான். அதற்கான காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ள வேண்டியவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம். பாப்பாரப்பட்டிக்கு வெளியே, ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒரு கிணறும், கடலைக்காயும் ராகியும் விளைகிற கொஞ்சம் நிலமும் இருந்தன. ஆவணியில் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை என்று, அவள் தங்கை, என் சித்தி, ஒத்தாசைக்கு வந்து எங்களோடு தங்கினாள்.

சித்திக்குப் பத்தொன்பது வயது. அவள் ஊரில் பதினொன்றாம் வகுப்பு முடித்த முதல் பெண். நர்ஸ் டிரெய்னிங்குக்கு மனுப் போட்டிருந்தாள். அப்பாதான் அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய் இன்டர்வியூவுக்கு நிறுத்திவிட்டு வந்தார். கடிதம் எங்கள் முகவரிக்குத்தான் வரும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டே ரோட்டுக்கு ஓடுவாள். அவளிடம் கோடு போடாத தடித்த நோட்டு ஒன்று இருந்தது. அதில் இங்கிலீஷ் வார்த்தைகளை ஒரு பக்கமும் அர்த்தத்தை ஒரு பக்கமும் எழுதி மனப்பாடம் செய்வாள். அப்பாவின் கைக்கடியாரத்தைக் கட்டிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். உதட்டுக்குள் எண்ணிவிட்டு, "எழுவத்தெட்டு. பரவால்ல, உசுரோடதான் இருக்குற" என்பாள். அவள் விரல் நுனியில் எப்போதும் தம்பிக்குப் போடும் வசம்பு வாசனை இருக்கும்.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகத் தமிழ் வாத்தியார் ஒருவர் வந்தார். தெற்கே எங்கிருந்தோ வந்தவர், கல்யாணம் ஆகாதவர், கடைத்தெருவில் ஒரு ரூமில் தங்கியிருந்தார். பால் பேனாவில் எழுதினால் எழுத்து கெட்டுப்போகும், ஆறாவதிலிருந்து எல்லாரும் மை பேனாதான் என்றார் அவர். அவருடைய எழுத்து வலப்பக்கம் சாய்ந்து, வரிசையாகக் காற்றில் வளைந்த ராகிக் கதிர் மாதிரி இருக்கும். எங்களையும் அப்படியே சாய்த்து எழுதச் சொல்லுவார். "இ எழுத வந்துட்டா எல்லா எழுத்தும் வந்துடும்ல" என்று சொல்லி, போர்டு நிறைய இகரம் எழுதுவார். சுழித்து, வளைந்து, அடியில் ஒரு நீண்ட இழுப்பு. நான் அந்த எழுத்தின் மேல் பைத்தியமாக இருந்தேன்.

வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் மை பேனா வாங்கித் தரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாத்தியார் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் ஒரு சாயங்காலம் சைக்கிளில் வந்தார். "பாப்பாவுக்கு ஒரு மை பேனா வாங்கிக் குடுங்கய்யா. கையெழுத்து நல்லா வரும்" என்று அப்பாவிடம் வாசலில் நின்றே சொன்னார். சித்தி உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் சொம்பை அப்பா கையில் கொடுத்தார். அவ்வளவுதான். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன், எனக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜை கழிந்த அடுத்த சந்தையில் அப்பா எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தார். தக்காளிக் கூடைகளுக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஒருவர் சாக்கு விரித்து, ஓட்டை போட்ட அட்டையில் பேனாக்களைச் செருகி வைத்திருந்தார். இருப்பதிலேயே விலை குறைந்தது எதுவோ அதைக் கேட்டார் அப்பா. கரும்பச்சை உடம்பு, கறுப்பு மூடி. கடைக்காரர் நிப்பை மையில் தோய்த்து, பழைய சினிமா நோட்டீஸின் பின்பக்கத்தைக் கொடுத்து, "எழுதிப் பாரு பாப்பா" என்றார். நான் ஒரு இகரம் போட்டேன். நிப்பு தாளில் கீச்சென்று முனகிக்கொண்டு போயிற்று. ஈரமாகப் பளபளத்த அந்த எழுத்து என் கண் முன்னாலேயே மெல்லக் காய்ந்து கறுத்தது. அதற்கு முன்னால் நான் எழுதிய எதுவும் அப்படி உயிரோடு இருந்து பார்த்ததில்லை.

அந்தப் பேனாவை நீங்களும் வைத்திருந்திருப்பீர்கள். கழுத்துத் திருகில் கசியும். சோப்பைத் தடவித் திருகினால் இரண்டு நாள் நிற்கும். நடுவிரலின் முதல் கணுவில் நீலம் ஏறிக் குளித்தாலும் போகாது. நிப்பில் மை அதிகமானால் தலைமுடியில் துடைத்துக்கொள்வோம். எண்ணெயும் மையும் கலந்த அந்த வாசனை சாயங்காலம் ஜடை பிரிக்கும்போது வரும். மை சிந்தினால் சாக்பீஸை உருட்டி ஒற்றுவோம். என் எழுத்து ஒரே வாரத்தில் மாறிப்போனது. பென்சிலில் நண்டு மாதிரி ஊர்ந்தது, இப்போது வாத்தியாருடையதைப் போலச் சாய்ந்து நின்றது. அப்பாகூட ஒரு நாள் நோட்டைப் பார்த்துவிட்டு, "இது நீயா எழுதுன?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கழுத்துக்கு சோப்புப் போட்டு, புதிதாக மை நிரப்பி, சரியாக எழுதுகிறதா என்று பார்க்க நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்தேன். இகரத்தில் தொடங்கும் பெயர் எனக்குத் தெரிந்து இரண்டே பேருக்கு. ஒன்று சித்தி. இன்னொன்று வாத்தியார். சித்தி பெயரை எழுதினேன். பக்கத்தில் வாத்தியார் பெயரை எழுதினேன். எந்தப் பெயரின் இகரம் அழகு என்று பார்த்தேன். மறுபடி எழுதினேன். இப்படியே தாள் நிறைகிற வரை, இரண்டு பெயரும் ஜோடி ஜோடியாக. எனக்கு அவை பெயர்கள்கூட இல்லை, இகரங்கள். இப்போது அந்தத் தாளை நீங்கள் பார்த்தால் என்ன நினைப்பீர்களோ அதையேதான் அன்றைக்குப் பெரியவர்களும் நினைத்தார்கள்.

கடைசி வரி ஈரமாக இருந்தது. சாக்பீஸ் இல்லை. பக்கத்தில் சித்தியின் நோட்டு கிடந்தது. மை ஒற்றிக்கொள்ளட்டும் என்று தாளை அதற்குள் வைத்து மூடினேன். யாரோ விளையாடக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன். தாளை மறந்தும்விட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, கார்த்திகையில், மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்தவர். அவர்களுடைய அப்பா காலமானபின் அந்தக் குடும்பத்துக்கு அவர் சொல்தான். சோறு தின்றுவிட்டு உட்கார்ந்து, யாருக்கோ விலாசம் எழுத வேண்டும், ஒரு தாள் கொடு என்றார். சித்தி தம்பிக்குப் பாலாடையில் மருந்து புகட்டிக்கொண்டிருந்தாள். "அந்த நோட்டுல இருந்து கிழிச்சிக்குங்கண்ணா" என்று அவளே சொன்னாள்.

மாமா நோட்டைப் பிரித்தார். தாள் விழுந்தது. எடுத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் மிக மெதுவாகக் கேட்டார்.

"இது யாரு எழுதனது?"

சித்தி எட்டிப் பார்த்தாள். "தெரியலண்ணா."

"உன் நோட்டுல இருக்குது. உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதுங்கண்ணா. நான் எழுதல. என் கையெழுத்தப் பாருங்க, நோட்டுலயே இருக்குது. இது சாஞ்சி இருக்குது, என்து நேரா இருக்கும்."

மாமா ஒப்பிட்டுப் பார்த்தார். அவள் சொன்னது உண்மைதான் என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் முகம் இன்னும் கறுத்தது.

"அப்ப அவன் எழுதிக் குடுத்தானா?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அப்பா கிணற்றடியிலிருந்து வந்தார். அந்த ஆள் யார் என்று மாமா கேட்க, அப்பா யோசனையில்லாமல், "பாப்பாவோட வாத்தியாருங்க. ஒரு தரம் இங்க வூட்டுக்குக்கூட வந்தாரு" என்றார்.

"வூட்டுக்கே வந்தானா? எதுக்கு?"

"பாப்பாவுக்குப் பேனா வாங்கித் தரச் சொல்லி..."

"பேனா வாங்கித் தரச் சொல்லி ஒரு வாத்தி வூடு தேடி வருவானா? நீங்க நம்புனீங்களா?"

மாமா எழுந்து சித்தி எதிரில் போய் நின்றார். "தண்ணி குடுத்தியா அவனுக்கு?"

"குடுத்தன்."

அந்த ஒரு வார்த்தைக்கு அறை விழுந்தது. தம்பி வீறிட்டு அழுதான்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன். நடுவிரலில் நீலம் இருந்தது. சித்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினாள். தாளைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை கோபமாக இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் நிறுத்திவிட்டால், அடுத்த வார்த்தைக்காக நாம் பார்ப்போமே, அப்படி இருந்தது. சொல்லத்தான் நினைத்தேன். அம்மா வந்து என் தோளைப் பிடித்து, "நீ போயி ஆட்டப் புடிச்சிக் கட்டு, போ" என்று வெளியே தள்ளினாள். ஆடு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் அதன் பக்கத்தில் போய் நின்றேன்.

அடுத்த நாள் மாமா இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் ரூமில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாக வாத்தியார் கையெடுத்துக் கும்பிடுவது மட்டும் தெரிந்தது. போர்டில் இருந்த அவருடைய எழுத்தையும் அந்தத் தாளையும் வைத்துப் பார்த்து, ஒரே கை என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அவர் லீவு போட்டு ஊருக்குப் போனார். திரும்பி வரவேயில்லை. பொங்கலுக்குப் பிறகு வந்த வாத்தியாருக்கு யார் எதில் எழுதினாலும் கவலையில்லை.

சித்திக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை ஆனேக்கல் பக்கம், கர்நாடகத்தில் போய்க் குடியேறிப் பட்டுப்பூச்சி வளர்க்கிற தமிழ்க் குடும்பம். வயது கொஞ்சம் அதிகம். தூரத்தில் கொடுத்தால்தான் பேச்சு அடங்கும் என்றார் மாமா. அப்பாவால் தடுத்திருக்க முடியும் என்று இப்போது நினைக்கிறேன். இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போனவர் அவர்தானே. "அது உங்க வூட்டுப் பொண்ணு, நீங்க பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். மைத்துனர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது மரியாதை இல்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் மரியாதையால் யார் யார் எங்கே போய் விழுந்தார்கள் என்று கணக்கெடுக்க முடியுமா?

கல்யாணம் முடிந்து இருபது நாளில் பழுப்பு உறையில் அந்தக் கடிதம் வந்தது. சித்திக்கு டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. அப்பா சத்தம் போட்டுப் படித்தார், பாதியில் நிறுத்தினார். அம்மா அதை வாங்கி எங்கேயோ வைத்தாள். பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

அதே வாரம் அம்மா என் மை பேனாவை எடுத்துக்கொண்டு, ஒரு பால் பேனாவைக் கையில் கொடுத்தாள். "சட்டையெல்லாம் கறையாவுது. இனிமே இதுல எழுது" என்றாள். கறைக்காகத்தான் என்று நம்பினேன்.

ஆனேக்கலிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று இன்லண்ட் கடிதம் வரும். எல்லாம் சித்தப்பா எழுத்து. மாடு கன்று போட்டது, மழை பெய்தது, எல்லாரும் சௌக்கியம். அடியில் ஒரு வரி, "உங்கள் தங்கையும் சுகம்." சித்தி தன் கையால் ஒரு வரிகூட எழுதியதில்லை. கல்யாணமானதும் பெருமை வந்துவிட்டது, நம்மை மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதைவிட, அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்லலாம்.

நான் பன்னிரண்டாவது முடித்தேன். நர்ஸ் டிரெய்னிங் சேர்ந்தேன். வேண்டுமென்று அல்ல, மார்க்குக்குக் கிடைத்தது அதுதான். வெள்ளை உடுப்பில் முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அப்பா சொன்னார்.

அம்மா கடைசி எட்டு மாதம் என்னிடம்தான் இருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஒரு நாள் காலையில் அவளுக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். எந்த முன்பேச்சும் இல்லாமல் சொன்னாள்.

"அந்தப் பேப்பரு உன் நோட்டுலது. கிழிச்ச ஓரத்த நான் அன்னைக்கே ஒத்து வெச்சிப் பாத்தன்."

நான் விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன். "தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"உங்க மாமன் இருந்த கோவத்துக்கு, பதினோரு வயசுப் புள்ள வாத்தியாரு பேர எழுதுதுன்னு தெரிஞ்சா உன்னையும் அன்னைக்கே பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தியிருப்பான். உங்கப்பனும் சரின்னு சொல்லியிருப்பாரு. ரெண்டு பேரும் போறதுக்கு, ஒருத்தியாவது படிக்கட்டும்னு வுட்டுட்டன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அவ என் கூடப் பொறந்தவதான். ஆனா நீ என் வவுத்துல பொறந்தவ இல்ல?"

அதற்குமேல் அவள் அதைப் பேசவில்லை. அடுத்த மாதம் போய்விட்டாள். சாவுக்கு சித்தி வந்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து, மற்ற எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். என்னால் அவள் பக்கத்தில் உட்கார முடியவில்லை.

பேனா வாங்கிய அன்றிலிருந்து இது மறுபடி அரிக்க ஆரம்பித்தது. இந்தத் தையில் ஒரு நாள் ஓசூர் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்து சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. மகன்கள் பெங்களூரில். சித்தி மட்டும் பழைய பட்டுப்பூச்சிக் கொட்டகையை ஒட்டிய வீட்டில் இருக்கிறாள். எழுபதை நெருங்குகிறாள். சாயங்காலச் சந்தைக் கீரை மாதிரி வாடிப்போன என்னைவிட அவள் நேராக நடக்கிறாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, இகரம், சோப்பு, ஈர மை எல்லாவற்றையும்.

நான் சொல்லி முடித்ததும், "தெரியும்" என்றாள். "உன் விரலப் பாத்தனே."

"நீங்களே சொல்லியிருக்கலாமே சித்தி, பாப்பாதான் எழுதுச்சின்னு."

"நீ சொல்லுவன்னு பாத்தன். புள்ளைய நானே எதுக்குக் காட்டிக் குடுக்கறதுன்னு. அன்னைக்கி பாத்தன், மறுநாளு பாத்தன். தாலி கட்டற அன்னைக்கி, மணவறைக்குப் பக்கத்துல பாவாடையப் புடிச்சிக்கிட்டு நின்ன பாரு, அப்பகூடப் பாத்தன்." சேலைத் தலைப்பால் டம்ளரின் ஓரத்தைத் துடைத்தாள். "உங்க மாமன் உங்க சித்தப்பாகிட்ட எல்லாம் சொல்லித்தான் கட்டிக் குடுத்தாரு. மறைக்கக் கூடாதுன்னு. அதனால இந்த வூட்டுல நான் பேனாவே தொட்டதில்ல. ரேஷன் கார்டுல கையெழுத்துப் போடச் சொன்னாகூட இவுரு பக்கத்துல நிப்பாரு. புள்ளைங்க வீட்டுப்பாடம் எழுதறப்ப நான் மாட்டுக்குத் தீனி போடப் போயிடுவன். அவுரு போனதுக்கு அப்புறம் எழுதலாம்னுதான் இருந்துது. யாருக்கு எழுதறது?"

நான் அழுதேன். அம்மா என்னிடம் சொன்னதையும் சொன்னேன். மாமாவின் கோபம், என் படிப்பு, ஒருத்தியாவது படிக்கட்டும் என்று அம்மா நினைத்தது. அது ஒரு சமாதானமாக இருக்கும் என்று எதனால் நினைத்தேனோ.

சித்தி முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

"அக்கா அப்படியா நெனச்சா? எங்கண்ணன எனக்குத் தெரியாதா? நீ சின்னப் புள்ள. பேனா எழுதிப் பாத்தன்னு சொல்லியிருந்தா உன்ன ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. அவ்வளவுதான். அடிச்சிட்டு அவுரே முட்டாய் வாங்கித் தந்திருப்பாரு."

இரண்டு அடி. அம்மா சொன்னது சரியா, சித்தி சொல்வது சரியா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியப்போவதும் இல்லை. அம்மா சொன்னது சரியென்றால் சித்தியின் வாழ்க்கையைக் கொடுத்து நான் படித்திருக்கிறேன். சித்தி சொல்வது சரியென்றால் இரண்டு அடிக்குப் பயந்து அவள் வாழ்க்கையை வீணடித்திருக்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வேண்டாம் என்றாலும் கேட்காமல் சித்தி ஸ்டாப் வரை கூட நடந்து வந்தாள். வழியில் மல்பெரிச் செடிகளைப் பற்றியும், மூத்த மருமகளின் சர்க்கரையைப் பற்றியும் பேசினாள். எந்த மாத்திரை நல்லது என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். பஸ் கூட்டமாக வந்தது. நான் படியில் தடுமாறுவதைப் பார்த்து, அவள் கண்டக்டரை எட்டிப் பிடித்துக் கன்னடத்தில் சத்தமாகச் சொன்னாள்.

"நம்ம அக்கன மகளு. ஜோபான!"

அக்கா மகள், பத்திரம் என்று அர்த்தம். கண்டக்டர் ஒரு பையனை எழுப்பிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தபோது சித்தி ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் சொன்னதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு வரவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.